வண்டி ஒதுங்குதுங்க

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செல்வராஜ் வீட்டுக்கு வந்தார். அவரும் நானும் பீளமேட்டில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். இப்போது அவர் டூவீலர் மெக்கானிக் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். நான் தோள்பட்டை தேய்ந்துபோனதால், போன ஆடி மாதத்தோடு வேலையை நிறுத்திக்கொண்டேன்.

"எனக்கு அஞ்சாங்கிளாசோட எழுத்து நின்னுபோச்சுங்க" என்றேன்.

"பேச்சு அதுக்கு முன்னாலயே நின்னுபோச்சு. எழுத்தாவது அஞ்சு வரைக்கும் வந்துச்சல்லங்க, எழுதுங்க" என்றார். கிளம்பும்போது, "அந்த வால்பாறை அம்மிணி விசயத்தை எழுதிப்போடுங்க. நான் சொன்னா எல்லாரும் சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிர்றாங்க. மீதியைக் கேக்கறதில்லை" என்றார்.

சிரிப்பு வருகிற விஷயம்தான். அதில் சிரிப்புக்கு இடமானவனே நான்தான். மீதியையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

நான் வேலை கற்றது அந்த ஒர்க்ஷாப்பை நடத்திய ரங்கசாமி மேஸ்திரியிடம். கழுவினேன், துடைத்தேன், பஞ்சர் ஒட்டினேன், பிரேக் கட்டை மாற்றினேன். அதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான். வண்டியின் ஆட்டத்தைச் சரிசெய்கிற வேலை, அதாவது முன்னால் இருக்கும் ஃபோர்க்கும் பின்னால் இருக்கும் ஷாக் அப்சர்பரும், எனக்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது. வந்த பிறகு கடைசிவரை அதைத்தான் செய்தேன்.

மேஸ்திரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கடையில் யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நேரத்தில், "பழனிச்சாமி, அந்த ஸ்பிரிங்கை எடுங்க" என்பார். தப்பாக எதையாவது மாட்டிவிட்டால், "பழனிச்சாமிங்க, தாங்க தயவு பண்ணிக் கொஞ்சம் அக்கட்டால போய் நின்னுக்கறீங்களா?" என்பார். அந்தத் 'தாங்க', அதாவது 'தாங்கள்', காதில் விழுந்தால் மத்தியானம் சோறு இறங்காது. செல்வராஜ் கை கழுவும் இடத்தில் என்னிடம் மெதுவாக, "இன்னைக்கு எனக்கு ரெண்டு தாங்க கெடைச்சுதுங்க. உங்களுக்கு?" என்று கேட்பார்.

ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் அதை அடைத்துவைக்கிற ரப்பர் சீல் போய்விட்டது என்று யாருக்கும் தெரியும். சீல் எதனால் போயிற்று என்று தெரியாமல் புது சீலைப் பிரிக்கவே விட மாட்டார் மேஸ்திரி. வடித்த பழைய ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் மேல் வைப்போம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று தெரியும். வெள்ளித்தூள் போல மினுங்கினால் உள்ளே இரும்பு தேய்கிறது. பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிறகு ஃபோர்க் குழாயை மண்ணெண்ணெயில் துடைத்து, ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டுவோம். நேராக இருந்தால் சத்தமில்லாமல் உருளும். வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தயங்கும், அந்த இடத்தில் கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அதற்கப்புறம் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துரு நகத்துக்குத் தெரியும். அந்தத் துருப்புள்ளிதான் புது சீலை ஒரு மாதத்தில் அறுத்துவிடும்.

சீல் போடும்போது குழாயின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொள்வோம், புது சீலின் உதடு கிழியாமல் இறங்குவதற்காக. பழைய சீலைப் புதியதன் மேல் வைத்து, சுற்றிலும் மெதுவாகத் தட்டி இறக்குவோம். இரண்டு பக்கமும் ஆயில் ஒரே அளவு. "ரெண்டு காலும் ஒரே ஆளோடதுதானுங்க" என்பார் மேஸ்திரி.

இதையெல்லாம்விட அவர் கண்டிப்பாக இருந்தது வேறொரு விஷயத்தில். வண்டிக்கு என்ன என்று வந்தவரே அவருடைய வாயால் சொல்ல வேண்டும், நாங்கள் வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. 'தூக்கிப் போடுது' என்பார் ஒருத்தர். 'குத்துது' என்பார் இன்னொருத்தர். 'நொண்டுது', 'அலையுது', 'மொத்துது' என்று ஆளுக்கொரு சொல் இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறு. குத்துகிற வண்டியில் ஸ்பிரிங் அடிவரை போய் முட்டுகிறது. தூக்கிப் போடுகிற வண்டியில் ஸ்பிரிங்கை அடக்குகிற ஆயில் போய்விட்டது. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் சொல்லத் தெரியாமல் தடுமாறினார். "தூக்கிப் போடுதுங்களா?" என்று கேட்டு உதவினேன். "ஆமாங்க" என்றார். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஊர்ல நீங்க எதைக் கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லுவாங்க. இல்லைன்னு சொன்னா உங்க மனசு கோணும்னு நெனைப்பாங்க. அந்த மரியாதையை நம்பி நட்டைக் கழட்டப்போறீங்களா?"

அது எவ்வளவு பெரிய சொல் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. யார் என்ன கேட்டாலும் ஆமாங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவன் நானே.

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு முட்டை வியாபாரி வருவார். பின்னால் அட்டை அட்டையாக அடுக்கி ரப்பர் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். அவர் ஒருவர்தான் எங்களுக்குச் சிரமமே கொடுக்காதவர். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "கீழ் அட்டைல மட்டும் ஒடையுதுங்க" என்பார். அதற்குத் தகுந்தபடி ஷாக்கைப் பிரித்து, வாஷரை மாற்றி, கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றிக் கொடுப்போம். அடுத்த வாரம் வந்து, "இப்ப மேல் அட்டைல ஒடையுதுங்க. பரவால்லைங்க, கீழ இருக்கறது பொழைச்சுது" என்பார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே மறுபடியும் பிரிக்கச் சொல்வார். எல்லா அட்டையும் பிழைத்த அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அவித்த முட்டை கொண்டுவந்து கொடுத்தார்.

இனி வால்பாறை வண்டி. கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. மேஸ்திரிக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. ஸ்பேனர் பிடிப்பதில்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் முருகேசன் என்பவர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் வந்து இறங்கினார். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. கல்யாணத்துக்கு வாங்கிய வண்டி என்றார். பழசானாலும் பெயின்ட் போகாமல் துடைத்து வைத்திருந்தார். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு இருந்தது. பின்னால் இரண்டு ஷாக்கும் புத்தம் புதியவை.

"வீட்ல பஸ்ல வந்துட்டு இருக்கறாங்க. வரட்டுங்க" என்று சொல்லிக் காத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி ராஜாமணி வந்துசேர்ந்தார். முகம் வெளிறி, கையில் கசங்கிய எலுமிச்சம்பழம். அந்த மலை ரோட்டில் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவருக்கு வாந்தி வருமாம். வண்டியில் வந்தால் ஒன்றும் செய்யாதாம். கீழே ஆனைமலையில் அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ராஜாமணி இறங்கிப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சிக்கெடுத்துப் பின்னி விட்டுவருவார். அந்த அம்மா வேறு யாரையும் தொட விட மாட்டார். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் இறக்கத்தில் ஒரு வளைவில் ராஜாமணி வண்டியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். முழங்கையும் இடுப்பும் நல்ல அடி. அன்றிலிருந்து அந்த வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போனால் போய்ச் சேர்ந்ததும் அம்மா பக்கத்திலேயே இவரும் படுத்துக்கொள்ள வேண்டியதாக இருந்தது. பாதி ஞாயிற்றுக்கிழமை போக முடியாமல் போயிற்று.

"பின்னால தூக்கிப் போடுதுன்னு சொல்றாளுங்க" என்றார் முருகேசன். "அதுக்குத்தான் புது ஷாக் போட்டேன். மூணு மெக்கானிக் ஓட்டிப் பாத்துட்டாங்க. வண்டில ஒண்ணுமே இல்லைங்கறாங்க. உழுந்த பயங்க, அது மனசுல உக்காந்துட்டு எறங்க மாட்டேங்குது."

"நான் எப்பங்க தூக்கிப் போடுதுன்னு சொன்னேன்?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பழத்தை மோந்துகொண்டே சொன்னார்.

"பின்ன என்ன புள்ள சொன்னே?"

"ஒதுங்குதுன்னு சொன்னேன். பொள்ளாச்சி மெக்கானிக்தான் தூக்கிப் போடுதுங்களான்னு கேட்டாரு. நீங்க ஆமாங்கன்னீங்க. அடுத்த ஆளுகிட்டப் போனதும் நீங்களே தூக்கிப் போடுதுன்னு சொல்லிப்போட்டீங்க. அதுக்குத்தான் இன்னைக்கு நானே வந்தேன்."

மேஸ்திரி நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஒதுங்குதுன்னா எப்படிங்க அம்மிணி? நீங்களே சொல்லுங்க."

"ரோட்ல எதுத்தாப்பல லாரி வந்தா நாம ஒதுங்கறமல்லங்க, அப்படி. எறக்கத்துல, இடது கை வளைவுல. பிரேக்கை உட்ட உடனே சீட்டு அந்தப் பக்கமா ஒதுங்கிக்குது. நான் இங்கயே இருக்கறேன். எனக்குக் கீழ சீட்டு இல்லைங்க."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் மலை கிடையாது. ரயில்வே மேம்பாலத்தில் இறங்குகிற இடத்தில் இடது கைப் பக்கமாக நல்ல ஒரு வளைவு இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. முன்னால் கொஞ்சம் முங்கியது, அது கசிவினால். பின்னால் செல்வராஜை உட்காரவைத்துக்கொண்டு மறுபடி போனேன். அப்போதும் ஒன்றுமில்லை. "ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்குதுங்க" என்றார் செல்வராஜ். ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். இறுக்கமாக இருந்தது.

முருகேசன் மனைவியைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. பாவம் என்கிற மாதிரியான பார்வை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப எனக்குத்தான் கிறுக்கு" என்றார் ராஜாமணி. செல்வராஜ் சொல்லி அனுப்பிய டீ பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

"நீங்க எப்படி உக்காருவீங்க அம்மிணி?" என்று கேட்டார் மேஸ்திரி.

"எல்லாரும் உக்கார்ற மாதிரித்தானுங்க. சேலை கட்டிட்டு எப்படி உக்கார முடியும்? ஒரு பக்கமா, காலை இடதால தொங்கப்போட்டுட்டு."

செல்வராஜ் வண்டியின் இரு பக்கமும் கால் போட்டு, தொண்ணூறு கிலோவையும் நடு சீட்டில் வைத்துக்கொண்டு வந்தவர். அதற்கு முன் பார்த்த மூன்று மெக்கானிக்கும் தனியாக ஓட்டியவர்கள். ஏறமாட்டேன் என்று இருக்கிற ஒரு பெண்ணிடம் போய், கொஞ்சம் ஏறி உட்காருங்க, விழுகிறீர்களா பார்க்கிறோம் என்று சொல்ல முடியாது. செல்வராஜ் கீழே பார்த்தார். மேஸ்திரி ரோட்டைப் பார்த்தார்.

நான் அன்றைக்கும் இன்றைக்கும் ஒல்லி. ராஜாமணியின் எடைதான் இருப்பேன். டீக்கடையில் நாலு பேர் நின்றால் பின் சந்து வழியாகச் சுற்றிப் போகிறவன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"நான் ஒரு பக்கமா உக்காந்து பாக்கறனுங்க. அவரு ஓட்டட்டும்."

செல்வராஜ் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

ராஜாமணி எழுந்து வந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. வேலை சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். "இன்னுங் கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க. அவ்வளவு முன்னால நாங்க உக்கார மாட்டோம். காலை ரெண்டும் சேத்து வெய்ங்க. இந்தப் பையை மடில வெச்சுக்குங்க, என் மடில எப்பவும் ஒரு பை இருக்கும்." அவருடைய துணிப்பையை என் மடியில் வைத்தார். உள்ளே தூக்குப்போசி இருந்தது.

வண்டி டீக்கடையைத் தாண்டும்போது நடந்ததை நான் விவரமாக எழுதப் போவதில்லை. "ஏனுங்க பழனிச்சாமி, புகுந்த ஊட்டுக்கா?" என்றார் ஒருவர். "பூ வெக்காம அனுப்பிப்போட்டாங்களே!" என்றார் இன்னொருவர். "மாப்ளைங்க, பொண்ணைப் பதனமாப் பாத்துக்கங்க" என்று டீ மாஸ்டர் வெளியே வந்து சொன்னார். பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நான் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு போனேன்.

பாலத்தில் முதல்முறை ஒன்றும் தெரியவில்லை. அதற்குக் காரணம் முருகேசன். விருந்தாளியைப் பின்னால் வைத்திருக்கிறோம் என்று அவர் தேர் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார்.

"ஏனுங்க, மலைல எப்படி எறங்குவீங்களோ அப்படி எறங்குங்க" என்றேன்.

"உங்களுக்குப் பழக்கமில்லைங்களே."

"பரவால்லைங்க."

இரண்டாம் முறை அவர் பிரேக்கைப் பிடித்து வளைவுக்குள் சாய்த்து, பிரேக்கை விட்டார். சீட்டு என்னை விட்டு நகர்ந்தது. தூக்கவில்லை, குதிக்கவில்லை, சத்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனால் பெஞ்சு எப்படி இருக்குமோ அப்படி, எனக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒரு நொடிதான். நான் அவருடைய சட்டையைப் பிடித்ததில் பித்தான் ஒன்று தெறித்துவிட்டது. முன்னால் இருந்த முருகேசனுக்கு நான் ஏன் சட்டையைப் பிடித்தேன் என்றே தெரியவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைக்கு வந்து இறங்கி, பையை ராஜாமணியிடம் கொடுத்தேன்.

"ஒதுங்குதுங்க" என்றேன்.

அவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். செல்வராஜ் "வேற சூடாச் சொல்றனுங்க" என்றதற்கு, "இதே போதுங்க" என்றார்.

நான் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். பின்சக்கரத்தைக் கழற்றப் போனபோது ராஜாமணி, "கொஞ்சம் இருங்க" என்றார்.

"சொல்லுங்க."

"கழட்டறதுக்கு முன்னால இவரு ஒருக்கா பின்னால உக்காந்து பாக்கட்டுங்க. நீங்க சரி பண்ணிப்போட்டா அப்பறம் இவருக்குத் தெரியவே தெரியாது."

முருகேசன், "அதுதான் அவரே சொல்லிட்டாரல்ல புள்ள" என்றார்.

"அவரு சொன்னதை நம்பறீங்கல்ல. நான் ரெண்டு மாசமாச் சொன்னேன்."

மேஸ்திரி முருகேசனைப் பார்த்து, "தாங்க போய் உக்காருங்க" என்றார். அந்தத் 'தாங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று செல்வராஜுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் ஓட்டினேன். முருகேசன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்தார், மடியில் பையோடு. டீக்கடையில் இந்த முறை யாரும் கிண்டல் செய்யவில்லை. என்னவோ நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பாலத்தில் இறங்கி, பிடித்து, விட்டேன். என் இடுப்பை இரண்டு கையாலும் அவர் கட்டிப் பிடித்தார். "ஐயோ" என்றார். பாலத்துக்குக் கீழே வந்ததும், "நிறுத்துங்க" என்றார். இறங்கி ஓரமாக நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார்ந்தார்.

கடைக்கு வந்ததும் மனைவியிடம், "ஒதுங்குது புள்ள" என்றார். நேராக டீக்கடைக்குப் போய் ஒரு டீயும் பன்னும் வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் கழற்றினேன். பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக்குச் சுவிங் ஆர்ம் என்று பெயர். அது வண்டியின் உடம்போடு ஒரே ஒரு கம்பியில் கோத்திருக்கும். அந்தக் கம்பி சுழல இரண்டு பக்கமும் புஷ் என்கிற வளையம் இருக்கும். கதவுக்குக் கீல் போல. அந்தக் கம்பியின் நட்டைத் திருப்ப ஸ்பேனரின் வாலில் நீளக் குழாயைச் சொருக வேண்டியிருந்தது. யாரோ அப்படி இறுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் கையால் ஆட்டியபோது இறுக்கமாக இருந்தது. உள்ளே பழைய புஷ்ஷை எடுத்துவிட்டு, நைலானில் கடைந்து போட்டிருந்தார்கள். வலப்பக்கத்து வளையம் வட்டமாக இருந்தது. இடப்பக்கத்து வளையம் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. நட்டின் இறுக்கம் கைக்கு அசைய விடாமல் பிடித்துவைத்திருந்தது. இடது ஓரமாக எடை தொங்கி, இறக்கத்தில் வண்டி சாயும்போது மட்டும் அந்தப் பிடி விட்டுப்போகும். கெட்டியான புது ஷாக் அதை இன்னும் மோசமாக்கியிருந்தது.

மேஸ்திரி அந்த வளையத்தை வாங்கி விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு முருகேசனிடம் கொடுத்தார்.

முருகேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது பக்கம் மட்டும் தேஞ்சிருக்குதுங்களே. அப்ப இவ ஒரு பக்கமா உக்காந்து உக்காந்துதான் இப்படி ஆச்சுங்களா?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ராஜாமணி பன்னைப் பாதியில் கீழே வைத்துவிட்டார். ஆமாங்க என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். அந்த ஆமாங்க என் நாக்கு நுனிவரை வந்தது.

"சீட்டு உக்காரத்தானுங்க" என்றேன். "எடை உழுந்தா புஷ் தேயும். தேயறதுக்குத்தான் அதைப் போட்டிருக்குது. தேஞ்சதை மாத்தாம நட்டை இறுக்குனது அவங்க இல்லைங்களே. ஒதுங்குதுன்னு மொதல்ல சொன்னதும் அவங்கதானுங்க."

என் வாழ்க்கையில் வாடிக்கையாளரிடம் நான் சேர்ந்தாற்போல் பேசிய பேச்சில் அது பெரியது. செல்வராஜ் அதை இன்னும் சொல்லிக் காட்டுவார்.

அவர்கள் சிங்காநல்லூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். கணபதியில் எனக்குத் தெரிந்த லேத்தில் வெண்கலத்தில் இரண்டு புஷ் கடைந்து வாங்கினேன். கம்பியும் புதிது. இரண்டு புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் உட்கார வேண்டும். ஒன்று கொஞ்சம் சாய்ந்தாலும் கம்பி நுழையும், ஆனால் சுழலாது. உப்புத்தாளால் தேய்த்து, நுழைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி தேய்த்தேன். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு மேஸ்திரியிடம் ஒரு அளவு உண்டு. ஷாக்கை மாட்டுவதற்கு முன்னால் சுவிங் ஆர்மை நேராகத் தூக்கிப் பிடித்து விட வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. அங்கேயே நிற்கவும் கூடாது. வயதானவர் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி மெதுவாக இறங்க வேண்டும். அப்படி இறங்குகிறவரை நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். ஃபோர்க்கைப் பிரித்து, குழாயை உருட்டி, இரண்டு சீலும் மாற்றினேன். புது ஷாக்கை இரண்டு பக்கமும் மிருதுவான படியில் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வண்டியை எடுக்க வந்தபோது நான் பாலத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன், ஒரு பக்கமாக உட்கார்ந்தும்தான். அதற்கு செல்வராஜ் ஓட்டினார், டீக்கடைக்காரர்களும் பழகிவிட்டார்கள். எனக்குத் திருப்திதான். இருந்தாலும் ராஜாமணியிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஏனுங்க, மலை ரோட்ல ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்றது நல்லதுங்க. சுடிதார் போட்டுட்டு வந்தா சௌகரியமா இருக்கும்."

"எங்க மகளும் அதையேதான் சொல்லுதுங்க. இனி அப்படித்தான் வரோணும்" என்றார். "ஆனா இன்னைக்கு இப்படியேதான் போவேன். மாத்தி உக்காந்துட்டுப் போனா, நான் உக்காந்ததுதான் தப்புன்னு ஆயிப்போகும்."

முருகேசன் வண்டியைக் கிளப்பி, சாய்க்காமல் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். ராஜாமணி சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டார். முந்தானையை இடுப்பில் செருகினார். ஒரு பக்கமாக, கொஞ்சம் பின்னால் தள்ளி, ஏறி உட்கார்ந்தார்.

ஆட்ட வேலை பார்த்த வண்டியை எடுத்துப் போகிறவருக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய், இரண்டு சக்கரமும் ஒரே தடத்தில் போகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். மேஸ்திரி தலையசைத்ததும் நான் கடை வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பாலத்தின் மேல் முருகேசன் மிகவும் மெதுவாகப் போனார். பின்னால் வந்த டவுன்பஸ் ஹாரன் அடித்தும் வேகம் கூட்டவில்லை. இறக்கம் தொடங்குகிற இடத்தில் கிட்டத்தட்ட நின்றுவிட்டார். ராஜாமணி அவருடைய முதுகில் இரண்டு தட்டுத் தட்டியது எனக்குத் தெரிந்தது. பஸ் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது.

"ஏனுங்க இப்படி உருட்டறீங்க? அம்மா தலையை அவுத்துப்போட்டுட்டுக் காத்துட்டு இருக்கும். போங்க!"

வண்டி வேகமெடுத்து இடப்பக்கம் சாய்ந்தது. முருகேசன் பிரேக்கைப் பிடித்து விட்டார். ராஜாமணி உட்கார்ந்தபடியே இருந்தார். பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியிலேயே போயிற்று. நான் பாலத்துக்குக் கீழே வண்டியைத் திருப்பிக்கொண்டேன்.